பையில் கட்டும் தேநீரும் நாளுக்கு அரைக் கிராம் நெகிழியும்

கேள்வி: மார்ச் 9, 2025, மாலை 6.30

சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில் 22 வருடமாக அங்காடிக்கடை வைத்திருக்கிறேன். காலையில் தேயும் கோப்பியும் பெரும்பாலும் பையில் கட்டித்தான் போகும். ரப்பர் வளையம் போட்டு, ஸ்ட்ரா சொருகிக் கொடுப்பேன். என் மகள் கைப்பேசியில் ஒரு செய்தி காட்டினாள். மலேசியர் ஒருவர் நாளுக்கு 502 மில்லிகிராம் நுண்நெகிழி, அதாவது பொடிப்பொடியான நெகிழித் துணுக்கு, தின்கிறாராம், உலகத்திலேயே முன்வரிசையில் நாம் இருக்கிறோமாம். பையை நிறுத்துங்கள் அப்பா என்கிறாள். நிறுத்தினால் காலை வியாபாரம் பாதி போய்விடும். செம்பனைத் தோட்டத்துக்கு மோட்டாரில் போகிறவர்கள் கண்ணாடிக் குவளையையா கொண்டு போவார்கள்? நான் ஆட்களுக்கு விஷம் கட்டிக் கொடுக்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 9, இரவு 11.15

விஷம் இல்லை அண்ணே. ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தேயைப் பையில் ஊற்றுவது நல்லது என்றும் சொல்ல மாட்டேன்.

நானும் பந்திங்தான். மோரிப் போகிற சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். 14 வருடமாகத் தொழிற்சாலைகளில் காற்றில் உள்ள தூசியை அளக்கிற வேலை செய்கிறேன். நெகிழி ஆராய்ச்சி என் துறை இல்லை. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்கும் அது ஆளைக் கெடுக்கிறது என்பதற்கும் நடுவில் என்னென்ன கேட்கணும் என்பதுதான் என் பிழைப்பு.

உங்கள் மகள் காட்டியது பொய்ச்செய்தி அல்ல. 2024-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு அது. 109 நாடுகளுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். மலேசியாவுக்கு வந்த எண் நாளுக்கு 502.3 மில்லிகிராம், அதில் பாதிக்கு மேல் மீனிலிருந்து. ஆனால் நம் ஊர்ச் சோற்றுத் தட்டை எடுத்து யாரும் அளக்கவில்லை. எந்த நாட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், அந்தந்த உணவில் எவ்வளவு நெகிழி இருப்பதாக மற்ற ஆய்வுகள் சொல்கின்றன, இரண்டையும் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இதே கேள்விக்கு 2021-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் கணக்குப் போட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 883 துகள், எடையில் 583 நானோகிராம் என்று வந்தது. இரண்டு எண்ணுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இப்படி விலகி நிற்கிற எண்ணை நம்பிக் கடையில் கை வைக்காதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 10, காலை 6.20

நேற்று எழுதியதில் பிழை. ஆயிரம் மடங்கு இல்லை. மில்லிகிராமுக்கும் நானோகிராமுக்கும் நடுவில் மைக்ரோகிராம் என்று ஒரு படி இருக்கிறது, அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன். 502.3 மில்லிகிராம் என்றால் 50 கோடியே 23 லட்சம் நானோகிராம். அதை 583-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 8 லட்சத்து 60 ஆயிரம் மடங்கு.

ஒரே கிடங்கை இரண்டு பேர் எடை போட்டு ஒருவர் 1 கிலோ என்றும் இன்னொருவர் 860 டன் என்றும் சொன்னால் எப்படியோ அப்படி. பிழையைத் திருத்திய பிறகு நான் சொல்ல வந்தது இன்னும் அழுத்தமாகத்தான் நிற்கிறது.

வாகனிங்கன் எண்ணும் முழுசு இல்லை, அதையும் சொல்லிவிடணும். காற்றையும், தரவு கிடைத்த உணவுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், நாம் சாப்பிடும் எடையில் அந்த உணவுகள் ஐந்தில் ஒரு பங்குதான். 1 மைக்ரோமீட்டருக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளதை எண்ணவே இல்லை. ஆகவே உண்மை அதற்கு மேலேதான் இருக்கும். அரைக் கிராம் வரைக்கும் ஏறும் என்று நான் நம்பவில்லை.

மார்ச் 10, இரவு 10.40

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "போத்தல் தண்ணீரில் லிட்டருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் துகள் என்று படித்தேன். நீங்கள் நாளுக்கு 883 என்கிறீர்கள். யார் சொல்வது சரி அக்கா?"

இரண்டும் சரியாக இருக்கலாம் தம்பி. நீங்கள் படித்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு, 2024 ஜனவரியில் வந்தது. அவர்கள் லேசர் வைத்து, 1 மைக்ரோமீட்டருக்கும் சின்னதான நானோநெகிழியைப் பார்த்தார்கள். எண்ணியதில் 90 விழுக்காடு அந்த அளவுதான். மற்றவர்களுடைய கருவிக்கு அது கண்ணிலேயே படாது.

கோலம் போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு அரிசியை எடுத்து மாவாக இடித்தால் எத்தனை துகள்? எடை அதே ஒரு அரிசிதான். 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு நெகிழி மணியை 1 மைக்ரோமீட்டர் மணிகளாக உடைக்க முடிந்தால் 100 கோடி மணி கிடைக்கும். அதனால் "இத்தனை லட்சம் துகள்" என்று யாராவது சொன்னால் முதலில் அளவைக் கேளுங்கள், அப்புறம் எடையைக் கேளுங்கள். அளவு சொல்லாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அந்த 100 கோடி மணியின் மேற்பரப்பைக் கூட்டினால் பழைய ஒற்றை மணியைப் போல ஆயிரம் மடங்கு. உடம்பைத் தொடுவது மேற்பரப்பு. நெகிழியில் கலந்திருக்கும் ரசாயனச் சேர்மானங்கள் கசிவதும் அதன் வழியாகத்தான். பெரிய மணி வயிற்றில் போய் மறுநாள் வெளியே வந்துவிடும். 150 மைக்ரோமீட்டருக்கு மேல் உள்ளது குடல் சுவரைத் தாண்டாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எழுதியது. தாண்டக்கூடிய அளவில் உள்ளதும் மிகச் சொற்பமே என்றது. நானோ அளவில் உள்ளது எவ்வளவு தாண்டுகிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி. கார்னெல்காரர்களின் அரைக் கிராம் உண்மையாகவே இருந்தாலும் அதில் பெரும்பங்கு பெரிய துகளின் எடையாகத்தான் இருக்க முடியும்.

மார்ச் 12, இரவு 9.50

"ரத்தத்தில் இருக்கிறதாம், தொப்புள்கொடியில் இருக்கிறதாம், போன மாதம் மூளையிலும் கண்டுபிடித்துவிட்டார்களாம், இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?" என்று கோபமாக ஒரு பதிவு. கோபம் நியாயம்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரத்தம்: 2022, நெதர்லாந்து. நல்ல உடம்போடு இருந்த 22 பேர், அவர்களில் 17 பேர் ரத்தத்தில் கிடைத்தது. தொப்புள்கொடி இல்லை, நச்சுக்கொடி: இத்தாலியில் 6 நச்சுக்கொடிகளைப் பார்த்து, 4-இல் மொத்தம் 12 துண்டுகள் கண்டார்கள். மூளை: நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம், 2025 பிப்ரவரி. 2016-இல் இறந்தவர்களைவிட 2024-இல் இறந்தவர்கள் மூளையில் கூடுதல் என்றார்கள். "மூளையில் ஒரு கரண்டி" என்று செய்தியில் வந்தது இதுதான்.

இங்கே என் வேலையில் பட்ட அனுபவம் ஒன்று. தூசி அளக்கப் போகும்போது பம்பில் மாட்டாத ஒரு ஃபில்டர் தாளையும் கூடவே கொண்டு போய்க் கொண்டு வருவோம். காற்று இழுக்காத தாள், அதில் எடை ஏறக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் அந்த வெறுந்தாளில் எடை ஏறியிருந்தது. தாள் மாற்றிய அறையில் யாரோ கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். அன்றைய அளவு மொத்தத்தையும் தூக்கிப் போட்டோம். நெகிழி தேடுகிறவர்களுக்கு இது பத்து மடங்கு கஷ்டம். ஆய்வுக்கூடத்தின் குழாய், கையுறை, மூடி, உடுத்தியிருக்கும் பாலியஸ்டர், எல்லாமே அவர்கள் தேடுகிற பொருள்தான். குடிநீர் பற்றி 50 ஆய்வுகளை 2019-இல் தரம் பிரித்துப் பார்த்தபோது எல்லாத் தரக் கேள்வியிலும் தேறியவை 4 மட்டும்.

மூளை விஷயத்தில் இன்னொரு சிக்கல். அங்கே பயன்படுத்திய முறையில் மாதிரியைச் சூடாக்கி, சிதைந்து வருகிற ஆவியைப் பார்த்துப் பாலிஎத்திலீன் என்று அடையாளம் சொல்வார்கள். கொழுப்பைச் சூடாக்கினாலும் அதே மாதிரித் தடயம் வரும். மூளையில் கொழுப்புக்குப் பஞ்சம் இல்லை. "ஒரு கரண்டி" என்பதை நான் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 13, மதியம் 1.05

சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக. நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இத்தாலியில் கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை அறுத்து எடுத்த 257 நோயாளிகளைச் சுமார் 34 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள், 2024 மார்ச்சில் வெளியானது. படிவில் நெகிழி இருந்த 150 பேரில் 30 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம். இல்லாத 107 பேரில் 8 பேருக்கு. நெகிழிதான் காரணம் என்று அந்த மருத்துவர்களே சொல்லவில்லை. நெகிழி அதிகம் படுகிற வாழ்க்கையில் வேறு எதெல்லாமோ அதிகம் படும். ஆனால் இதுவரை படித்ததில் நான் இரண்டாம் முறை உட்கார்ந்து படித்த ஆய்வு இது ஒன்றுதான்.

மார்ச் 16, ஞாயிறு

சரி, தே விஷயத்துக்கு வருவோம். அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறார்.

சூடு பட்டால் நெகிழி அதிகம் உதிர்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டப்ளினில் 2020-இல் பாலிப்ரொப்பிலீன் பால் போத்தல்களில் செய்த சோதனையில், 25 பாகைத் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 லட்சம் துகள், 95 பாகைக்கு 5 கோடியே 50 லட்சம். காகிதக் குவளைக்கு மாறலாம் என்று நினைப்பீர்கள். கரக்பூர் ஐஐடியில் 2021-இல் பார்த்தார்கள்: 100 மில்லி சூடான நீர், 15 நிமிடம், சுமார் 25,000 துகள். காகிதத்துக்கு உள்ளே பூசியிருப்பதும் நெகிழிதானே.

மார்ச் 10-இல் சொன்ன பாடத்தை இங்கேயும் போடுவோம். பால்மாவு கரைக்கிற 70 பாகை நீரில் டப்ளின் குழு பல போத்தல்களில் பார்த்த உச்சம் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்று செய்திகளில் வந்தது. அத்தனையும் 1 மைக்ரோமீட்டர் உருண்டை என்று வைத்தால் மொத்த எடை 7, 8 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் கைக்குழந்தை நாளுக்கு ஐந்தாறு தடவை குடிக்கிறது, அதன் உடம்பு எடை எத்தனை கிலோ? பெரியவருடைய ஒரு பை தேயையும் குழந்தையின் போத்தலையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

அண்ணே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். அடுப்பிலிருந்து நேரே பையில் ஊற்ற மாட்டேன். தே தாரேக் என்றால் நீங்கள் இழுத்து ஆற்றுகிறீர்கள், எவர்சில்வர் குவளையில் இழுக்கிற இழுப்பிலேயே சூடு நன்றாக இறங்கிவிடும். பால் சேர்க்காத தே ஓ-வுக்கும் கோப்பிக்கும் அதே மாதிரி நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கட்டுங்கள். பையில் கட்டிய சூப்பையும் குழம்பையும் வீட்டில் அப்படியே மைக்ரோவேவில் வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். ஃபிளாஸ்க் கொண்டு வருகிறவருக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுங்கள், நம் ஆட்கள் 20 சென் காசுக்கு மதிப்புக் கொடுப்பார்கள். சிலாங்கூரில் 2017-இல் பைக்கு 20 சென் கேட்க ஆரம்பித்த பிறகுதானே பாசாருக்குக் கூடை எடுத்துக்கொண்டு போகப் பழகினோம்.

மார்ச் 16, இரவு

ஒரு தங்கச்சி, ஐந்து மாதக் குழந்தையின் அம்மா, பயந்துபோய்த் தனியாக எழுதியிருக்கிறார். பொதுவில் பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். வெந்நீரின் சூட்டைக் குறைத்துப் பால்மாவு கரைக்காதேம்மா. மாவில் கிருமி இருக்கலாம், அதைக் கொல்ல 70 பாகைக்குக் குறையாத நீர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கிருமி குழந்தையை என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம். அதனால் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ சூடாகக் கரைத்து, ஆறவிட்டு, அப்புறம் போத்தலில் ஊற்று. போத்தலைக் குலுக்கிக் கலக்கவும் வேண்டாம். இரண்டு பயமும் தீர்ந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நெகிழி போகுமா என்றும் கேட்டாய். சீனாவில் 2024-இல் பார்த்தார்கள்: சுண்ணாம்பு அதிகமுள்ள நீரைக் கொதிக்க வைத்தால் நானோநெகிழி சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிந்துவிடுகிறது, 90 விழுக்காடு வரை. மென்மையான நீரில் கால்பங்குதான். என் வீட்டுக் கெண்டியில் வெள்ளையாக எதுவும் படிவதில்லை. ஆகவே இங்கே பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் கொதிக்க வைப்பதை நிறுத்தாதே.

மார்ச் 18

உப்பும் கருவாடும் கேட்டவருக்குச் சுருக்கமாக. இதில் நம் நாட்டிலேயே நடந்த வேலை இருக்கிறது, புத்ரா பல்கலைக்கழகத்தார் முன்னின்று செய்தது, 2017. எட்டு நாட்டு உப்பு, 17 வகை: கிலோவுக்கு அதிகபட்சம் 10 துகள், வருடத்துக்கு ஒருவருக்கு 37 துகளுக்கு மேல் போகாது. உப்பை மறந்துவிடுங்கள். கருவாட்டில் நாலு வகை மீன் பார்த்தார்கள், அதில் இரண்டு வகையில் குடலைவிடச் சதையில் அதிகம் இருந்தது. குடலை எடுத்துவிட்டால் போதும் என்று இருக்க வேண்டாம். நெத்திலியை எப்படியும் முழுசாகத்தான் தின்கிறோம். நான் விடவில்லை. நாசி லெமாக்கில் நெத்திலி இல்லாமல் எப்படி?

மார்ச் 23, இரவு 11.30

"உங்கள் பதிவுகளைப் படித்தால் கம்பெனிக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. நிரூபணம் இல்லை, நிரூபணம் இல்லை என்று." இதற்கு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். முதுகில் மருந்துத் தொம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், வாயில் ஒரு துணி. அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் நிறம் மாறி உதிரும். மூக்கில் ரத்தம் வரும். லயத்துக்குள் நுழைந்ததும் எங்களைத் தொட விடமாட்டார், குளித்துவிட்டுத்தான். தோட்டத்து கிளினிக்கில் கேட்டால் மருந்தால் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பார்கள். வேலை வாங்குகிற மண்டோர் பால் குடிக்கச் சொல்வார். நம் நாட்டில் பாராகுவாட்டைத் தடை செய்யப்போவதாக 2002-இல் சொல்லி, 2006-இல் தளர்த்தி, கடைசியில் முழுத்தடை 2020 ஜனவரி 1-இல் வந்தது. அம்மா அதற்குள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

ஆகவே நிரூபணம் இல்லை என்ற வார்த்தையை நான் லேசாக வாயில் எடுக்கிறவள் இல்லை. அது எந்தப் பக்கம் நின்று சொல்லப்படுகிறது என்பதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

ஆனால் பாராகுவாட்டில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்று பாருங்கள். எவ்வளவு உள்ளே போனால் ஆள் சாவார், தோலில் பட்டால் என்ன, நுரையீரலில் என்ன, எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. நுண்நெகிழியில் நிலைமை வேறு. வேலையிடத்தில் ஒரு ஆபத்தை எடை போடும்போது நாங்கள் நாலு கேள்வி கேட்போம். இது என்ன கெடுதல் செய்யக்கூடும்? ஆள் உடம்பில் எவ்வளவு போகிறது? எந்த அளவில் அந்தக் கெடுதல் தொடங்குகிறது? மூன்றையும் சேர்த்தால் இந்த ஆளுக்கு என்ன? நெகிழியில் முதல் கேள்விக்கு எலியிலும் செல்லிலும் கொஞ்சம் பதில் இருக்கிறது: அழற்சி, குடல் நுண்ணுயிரில் மாற்றம். இரண்டாவதில் 8 லட்சம் மடங்கு தகராறு. மூன்றாவது கிட்டத்தட்டக் காலி. அது காலியாக இருக்கும்வரை நாலாவதைப் பற்றி யார் உறுதியாகப் பேசினாலும், பயமில்லை என்று பேசினாலும் சரி, செத்தோம் என்று பேசினாலும் சரி, நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

பாதுகாப்பான அளவு என்று ஒருமுறை எழுதினால் அது கல்வெட்டும் இல்லை. நெகிழி செய்யப் பயன்படுகிற பிஸ்பினால் ஏ என்ற ரசாயனத்துக்கு அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருந்த தினசரி அளவை 2023-இல் 20,000 மடங்கு குறைத்தார்கள். நம் நாட்டில் பால் போத்தலில் அதை 2012-லேயே தடை செய்தாயிற்று. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்கணும் என்று நான் சொல்லவில்லை. எங்கே அதிகம் படுகிறதோ அங்கே முதலில் குறைப்போம் என்கிறேன்.

ஏப்ரல் 2

கொஞ்சம் விலகிப் போகிறேன். லாரி டயர் பற்றி ஒருவர் கேட்டார். டயர் தேய்ந்து வருகிற பொடியும் இந்தக் கணக்கில்தான் வரும். உலக சராசரியில் ஆளுக்கு வருடம் 0.81 கிலோ டயர் தேய்கிறது என்று 2017-இல் ஒரு கணக்கு வந்தது. லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். என் அப்பா விடியற்காலை நாலரைக்குப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, மங்குக் கிண்ணத்தில் பால் எடுத்து வந்த ரப்பர். அது உலகம் சுற்றிவிட்டு, செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் அடியில் தூசியாக நம் சாலைக்கே திரும்பி வருகிறது. டயரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறி, அமெரிக்காவின் மேற்குக்கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீனைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். உணவுத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு வழியை மறந்துவிடுவோம், அதற்குத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 19, சனி

முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்கணும்.

என் அக்கா மகன் கோல லங்காட் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய நெகிழியை அரைக்கிற இயந்திரத்தில் நிற்கிறான். நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சட்டையை உதறினான், வெயிலில் அந்தத் தூசி மின்னியது. கழுத்து மடிப்பில், காதுக்குள், புருவத்தில். முகத்துக்குக் கட்டிக்கொள்வது மெல்லிய துணிக் கவசம்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தனி வரம்பு இல்லாத தூசிக்கு, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய பகுதி கன மீட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கணும் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பின் வழிகாட்டல். எங்கள் துறையில் பலரும் கையில் எடுக்கிற எண். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்று இழுப்பார். வரம்புக்குச் சரியாக உள்ள கொட்டகையிலேயே 30 மில்லிகிராம். தட்டிலும் வீட்டுக் காற்றிலும் வருகிற 583 நானோகிராமைப் போல 50,000 மடங்கு, ஒரே ஷிஃப்டில். அதுவும் நுரையீரலுக்கு.

நுரையீரலில் நெகிழி என்ன செய்யும் என்பதற்கு மனிதர்களிடமே ஆதாரம் இருக்கிறது. நைலான் இழையைப் பொடிப்பொடியாக வெட்டி வெல்வெட் மாதிரித் துணி செய்கிற ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோயை அமெரிக்காவின் ரோட் தீவு மருத்துவர்கள் 1998-இல் எழுதினார்கள். மூச்சுத்திணறல், வறட்டு இருமல், நுரையீரல் திசுவில் அழற்சி. வேலையை விட்டு விலகியதும் பலருக்குக் குறைந்தது. அந்த ஒரு இடத்தில் மூன்றாவது கேள்வி காலியாக இல்லை.

அப்புறம் புகை. சீனா 2018-இல் நெகிழிக் கழிவு வாங்குவதை நிறுத்தியதும் அது நம் பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமில் ராத்திரி ராத்திரியாக எரித்த நாற்றம் யாருக்கு மறக்கும்? எரிகிற பிவிசியிலிருந்து வருவதற்கு நுண்நெகிழி என்று புதுப்பெயர் வேண்டியதில்லை, டையாக்சின் என்று பழைய பெயரே இருக்கிறது. அதன் கெடுதலும் தெரிந்ததுதான்.

ஏப்ரல் 20

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம், ஒரு அண்ணன் சரியாகப் பிடித்தார். அந்த 30 மில்லிகிராம் முழுவதும் நெகிழி ஆகாது, மண்ணும் அழுக்கும் உண்டு. இழுத்தது எல்லாம் தங்குவதும் இல்லை, ஒரு பங்கு மூச்சோடு வெளியே போகும், ஒரு பங்கு சளியோடு மேலேறி வயிற்றுக்குப் போகும். பத்தில் ஒரு பங்கு என்றே வையுங்கள். 5,000 மடங்கு. நான் சொல்ல வந்ததில் மாற்றம் இல்லை.

நைலான் இழையும் அரைத்த பாலிப்ரொப்பிலீனும் ஒன்றல்ல என்றார், அதுவும் சரி. இழை நுரையீரலில் சிக்குகிற மாதிரி மணி சிக்காது. ஏற்றுக்கொள்கிறேன். அவன் சட்டையில் இருந்ததில் இழையும் இருந்தது, அரைக்கிறவற்றில் பின்னல் சாக்கும் உண்டு.

மே 11

அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். தே ஓ-வையும் இழுத்துத்தான் கட்டுகிறார். ஃபிளாஸ்க் கொண்டு வந்தால் 20 சென் குறைவு என்று மகளே அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறாள். நான் நின்ற அரை மணியில் நாலு ஃபிளாஸ்க் வந்தது. மற்றதெல்லாம் பைதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மகள் ஐந்தாம் படிவம், கெட்டிக்காரி. "ஆன்ட்டி, அப்போ நான் காட்டின செய்தி தப்பா?" என்றாள். எண்ணை நம்பாதே, கேள்வியை விடாதே என்றேன். அரைக்கிற கொட்டகை பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அவள் வகுப்புத் தோழனின் அப்பாவும் அங்கேதான்.

ஜூலை 5

ஜூலை 1 முதல் நெகிழிக் கழிவு இறக்குமதிக்குப் புது விதி. கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்துகிற பாசல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலிருந்து மட்டும், அதுவும் சிரிம் என்ற நம் தர நிர்ணய நிறுவனத்தின் அனுமதியோடு. அமெரிக்கா அதில் சேரவில்லை, ஆகவே அங்கிருந்து வரக் கூடாது. வரவேற்கிறேன். ஆனால் உள்ளூர்க் கழிவு அதே கொட்டகையில் அதே மாதிரித்தான் அரைபடும்.

அக்கா மகனுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அரைப்பதற்கு முன் நீர் தெளித்தால் தூசி எழும்புவது நன்றாகக் குறையும். துணிக் கவசம் போதாது, என்95 வேண்டும், மூக்கில் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் போடணும். நீர் தெளிக்க மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார், குழாய் இழுத்திருக்கிறார்கள். கவசத்துக்குச் சம்பளத்தில் பிடிப்போம் என்றாராம்.

"பிடிக்கலாமா சித்தி?" என்று நேற்று அழைத்தான்.

பிடிக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 26-ஆம் பிரிவு: சட்டப்படி தொழிலாளியின் பாதுகாப்புக்குக் கொடுக்க வேண்டியதற்கு முதலாளி காசு வாங்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் சின்னக் கொட்டகை உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். மலாயில் அந்தப் பிரிவை அச்செடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காட்டுவதாகச் சொன்னான். தேக் கடை அண்ணனின் மகள் இன்னொரு பிரதி கேட்டிருக்கிறாள், தோழனின் அப்பாவுக்கு.